துருப் பிடிக்கும் கத்தி

"இது துருப் பிடிக்குமா?"

ஈஸ்வரன் இப்படிக் கேட்டதும் பீர் முகமது குஷியாகிவிட்டார். திண்டுக்கல்லில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவரிடம் கேட்க இதைவிடச் சரியான கேள்வி ஏது?

"சத்தியமாப் பிடிக்காது சார். தண்ணிக்குள்ள போட்டு வச்சாலும் அப்படியே இருக்கும்."

ஈஸ்வரன் கத்தியை மடக்கிக் கீழே வைத்தார். "வேற காட்டுங்க."

கண்ணாடிப் பலகை மேல் ஏற்கெனவே ஏழெட்டு மடக்குக் கத்திகள் வாய் பிளந்து கிடந்தன. தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு கத்தி, அவ்வளவுதான் தேவை. அதற்கு ஈஸ்வரன் பெண் பார்க்க வந்தவர் மாதிரி குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பெரிய கத்தி வேண்டாம், போலீஸ்காரர் பார்த்தால் ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார். சின்னது வேண்டாம், பென்சில் சீவத்தான் ஆகும். நடுத்தரமாக, கைக்கு அடக்கமாக, மடக்கும்போது விரலை வெட்டாததாக வேண்டும்.

எல்லாம் பொருந்தித்தான் வந்தது. துருப் பிடிக்காது என்று சொன்னால் மட்டும் மனிதரின் முகம் சுருங்கிப்போகிறது.

வாத்தியார் கணக்கு என்னவோ, ஆண்டவனுக்கே வெளிச்சம் என்று பீர் முகமது பொறுமையாக இருந்தார். ஈஸ்வரன் லேசுப்பட்ட ஆளில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். சாயங்காலமானால் ஊர் ஊராகப் போய், பேய் என்பதே பொய் என்று மேடையில் முழங்குகிறவர். அவர் படம் போட்ட நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. இன்றைக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டம்.

அப்போது ஒரு பெண்மணி அவசரமாகப் படியேறி வந்தாள். தெரிந்தவள்தான், பழனியம்மாள்.

"பாய், மடக்குக் கத்தி ஒண்ணு வேணும். இரும்புல. இந்தப் பளபளன்னு இருக்கிறது ஆகாது."

"எதுக்கு தாயி?"

"மக புள்ள பெத்து வந்திருக்கா. தலைமாட்டுல இரும்பு இல்லாமக் கண்ண மூட மாட்டேங்கிறா. ராவெல்லாம் பயந்து முழிச்சுக் கெடந்து பால் வத்திப்போச்சு. அருவாளை வச்சேன், பச்சப்புள்ள பக்கத்துல அருவாளான்னு மருமகன் சத்தம் போடுறாரு. மடக்கி வச்சா புள்ளைக்கு ஆபத்தில்ல பாருங்க."

பீர் முகமது அடித்தட்டைத் துழாவி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். மரக் கைப்பிடி, கறுத்த அலகு.

"பழைய சரக்கு. பச்சை இரும்பு. எண்ணெய் தடவலேன்னா துருப் பிடிச்சிரும். இப்பல்லாம் இது வர்றதே இல்ல. இந்த ஒண்ணுதான் கெடக்கு."

பழனியம்மாள் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் ஈஸ்வரன். "எந்தக் காலத்துல இருக்கீங்க? நிலாவுக்கு ராக்கெட் விட்டாச்சு. நீங்க இன்னும் தலைமாட்டுல இரும்பை வச்சுக்கிட்டு இருக்கீங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"இருக்கோ இல்லையோ சார், அவ பயப்படுறா. இது பக்கத்துல இருந்தாத் தூங்கிருவா."

"அந்தப் பயத்தை வளர்த்து விடுறதே நீங்கதான். பொண்ணு படிச்சிருக்கா?"

"பி.காம். சார்."

"பி.காம்.! கேக்கவே அசிங்கமா இல்ல?"

பெயின்ட் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். ஆள் சேர்ந்தால் ஈஸ்வரனுக்குக் குரல் தானாக ஏறும். மூளை, நரம்பு, பரிணாமம் என்று சாயங்காலக் கூட்டத்தை அங்கேயே ஒரு தடவை நடத்தி முடித்தார். மைக் ஒன்றுதான் குறை.

பழனியம்மாள் கூனிக் குறுகிப்போனாள். கத்தியைத் திரும்பப் பலகை மேல் வைத்தாள்.

"வேணாம் பாய். அவகிட்ட என்னத்தைச் சொல்லித் தூங்க வைக்கப் போறேனோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

பீர் முகமதுக்கு மனசு கேட்கவில்லை. யாவாரம் போனால் போகிறது.

"ஏன் சார், வாங்கிட்டுப் போகட்டுமே. அந்தப் பொண்ணு ஒரு ராத்திரியாவது கண்ணசந்திருக்கும்ல?"

"விடக் கூடாது பாய். மூடநம்பிக்கையை முளையிலேயே கிள்ளணும்."

பெயின்ட் வாங்க வந்தவர்கள் மெச்சும் பார்வையோடு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஈஸ்வரன் வாசல் வரை போய், தெருவில் பழனியம்மாள் கண்ணுக்குத் தெரிகிறாளா என்று எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து அவள் வைத்துவிட்டுப் போன கத்தியை எடுத்தார்.

"இதுக்குப் பில் போடுங்க."

"இதுக்கா? துருப் பிடிக்கும் சார்!"

"பிடிக்கட்டும்."

"இம்புட்டு நேரம் அம்புட்டு நல்ல கத்தி காட்டினேன். அதெல்லாம் விட்டுட்டு இந்தப் பச்சை இரும்பையா?"

ஈஸ்வரன் கத்தியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆணியைப் பையில வச்சிருந்தா எதுக்குன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க பாய். கத்தின்னா பழம் நறுக்கன்னு சொல்லிக்கலாம்."

"ஆணியா? எனக்கு ஒண்ணும் விளங்கல சார்."

ஈஸ்வரன் பலகை மேல் குனிந்து, குரலை இறக்கினார்.

"தினம் ஒரு ஊர்ல கூட்டம். முடிஞ்சதும் பிரியாணிப் பொட்டலத்தைக் கையில குடுத்து அனுப்பிடுறாங்க. இருட்டுக்குள்ள தனியா வரணும் பாய், வழி நெடுகப் புளியமரம்!"