லேயாவின் பக்கம்

“ஐந்நூறு வருஷத்து அழுக்கும்மா. நம்ம மெஷின் அரை நாள்ல துடைச்சு எறிஞ்சு, மேல ஒரு பூச்சும் பூசிடுச்சு. இனி எதுவும் ஒட்டாது,” என்றான் ஆய்வகத்துத் தணிகைவேல், பெருமைச் சிரிப்போடு.

சிம்ஹா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒரு போர்த்தீயிலும் இரண்டு வெள்ளங்களிலும் தப்பி, கொச்சியிலிருந்து அவளோடு சீதனமாகச் சென்னைக்கு வந்த, யூதக் குடும்பத்துப் பஸ்கா பண்டிகை நூல். ஓரங்கள் பொடியாகக் கொட்டுகிறதே என்றுதான் இந்த ஆய்வகத்தில் கொடுத்திருந்தாள். தோல் தாளில் எபிரேய எழுத்துகள் நேற்று எழுதியவை போல் மின்னின.

எகிப்தின் மேல் கடவுள் ஏவிய பத்து வாதைகளின் பக்கம் வந்ததும் அவள் கை நின்றது.

எகிப்தியர்கள் பட்ட துயரத்தை நினைத்து, ஒவ்வொரு வாதைக்கும் விரலால் ஒயினைத் தொட்டுத் தட்டில் ஒரு சொட்டு விடுவது அவர்கள் வழக்கம். ஒரு பஸ்காவில் மகள், ஆறு வயது லேயா, தட்டை விட்டுவிட்டு நூலின் பக்கத்திலேயே விரலைப் பதித்துவிட்டாள். அன்று அம்மாவிடம் அடி வாங்கினாள். அடுத்த பஸ்காவுக்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சிவப்பு விரல் தடம்தான் மிச்சம்.

“இங்க சின்னதா ஒரு விரல் தடம் இருந்துச்சே, தம்பி?”

“இருந்துச்சும்மா. அதை எடுக்கத்தான் மெஷின் ரொம்பப் பாடுபட்டுச்சு.”

“திரும்பக் கொண்டுவர முடியுமா?”

அவன் சிரிப்பு மங்கியது. “கறையையா?”

பஸ்கா விருந்தில் அவள் தனியாக உட்கார்ந்து வாசித்தாள். வாதைகள் வந்தபோது விரலை ஒயினில் நனைத்து, வேண்டுமென்றே அந்தப் பக்கத்தில் அழுத்தினாள். துளி தாமரை இலைத் தண்ணீராக உருண்டு மேசை விரிப்பில் விழுந்தது.

லேயாவை அன்று அடித்த கை, அந்த வெறும் பக்கத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தது.