நழுவிய கண்ணி

அக்கா தங்கைக்காகப் பின்னத் தொடங்கிய ஸ்வெட்டர், ஒரு கை இல்லாமலே இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்தக் குளிரில்தான் மருந்துக்கடை நடத்தும் தங்கைக்கு அதை எடுத்துப் பின்னி முடிக்க மனம் வந்தது.

அவள் பின்னல் அரைகுறை. வரிசைக்கு ஒரு கண்ணியாவது நழுவி ஓட்டை விழும்.

"இது ஸ்வெட்டரா, சல்லடையா?" என்றார் கணவர்.

மறுநாள் மாலை கடையிலிருந்து திரும்பியபோது ஓட்டைகள் அடைபட்டிருந்தன. ஊசிகள் இடதுகைக்காரர்கள் வைப்பதுபோல் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. அக்கா இடதுகைக்காரி.

"நீங்க இதைத் தொட்டீங்களா?"

"எனக்குப் பொத்தான் தைக்கவே தெரியாதே."

அன்றுமுதல் அவள் தினமும் கிளம்பும்போது, "தேங்க்ஸ்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்வெட்டருக்குக் கை முளைத்தது. அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அதற்குள் அவளுக்கும் பின்னல் பழகிவிட்டிருந்தது.

அதோடு அக்காவை அனுப்பிவிட அவளுக்கு மனசு கேட்கவில்லை. புது நூல் வாங்கி, பிசகில்லாமல் நாலு வரிசை பின்னினாள். வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டு, சோபாவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

மாலையில் அந்தக் கண்ணி மறுபடி ஊசியில் ஏறியிருந்தது. அதற்கு மேல் புதிதாக ஒரு வரிசை, இடதுகைப் பின்னல். அதில் ஒரு கண்ணி நழுவியிருந்தது.

அக்கா பின்னி ஒருநாளும் கண்ணி நழுவியதில்லை.