பச்சைக் கோட்டில் ஒரு வளைவு

படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தபால்காரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

பள்ளிக்கூடச் சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒட்டியிருந்தார்கள். நிலநடுக்கத்தில் விழுந்த நகரம் எப்படி எழப்போகிறது என்பதற்கான முடிவான வரைபடம். நடுவில் ஒரு கோடு. அதற்கு வடக்கே வீடுகள். தெற்கே வெறும் பச்சை.

பச்சை என்றால் சதுப்பு நிலம். எப்போதோ சதுப்பாகக் கிடந்ததை மண் கொட்டி மூடி, தெரு போட்டு, வீடு கட்டி விற்றுவிட்டுப் போனார்கள் புண்ணியவான்கள். பூமி குலுங்கியபோது அந்த மண் இருபது நொடியில் கூழாகி, வீடுகளை ஜன்னல் வரைக்கும் விழுங்கியது.

இனி அங்கே வீடு வேண்டாம், நாணலும் தண்ணீரும் இருக்கட்டும், மழை வந்தால் தங்கட்டும், பறவை வந்தால் இறங்கட்டும் என்று வரைந்தவள் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். தபால்காரியின் கூடப்பிறந்த தங்கை. ஊர் அவளுக்கு வைத்த பெயர் தவளைக்காரி. மனுஷனை விரட்டிவிட்டுத் தவளைக்கு வீடு கட்டுகிறவளாம்.

அந்தத் தவளைக்காரிக்காகத்தான் தபால்காரி, வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஒவ்வொரு தகரக் கொட்டகையாக ஏறி இறங்கினாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தெருக்களில் கடிதம் கொடுத்தவள். அவள் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். மண் எங்கே கெட்டதோ அங்கேதான் கோடு, இதில் ஓரவஞ்சனை கிடையாது, என் பேச்சை நம்புங்கள் என்று தொண்டை வறளப் பேசினாள். ஒரு கொட்டகையில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். இன்னொன்றில், பேனாவை வாங்கிக்கொண்ட மனிதர் கையெழுத்துப் போடாமல் அரைமணி நேரம் அழுதார். அப்படிச் சேர்த்துக் கொடுத்தது, வீட்டைப் பச்சைக்கு விட்டுக்கொடுக்கும் நாற்பத்தொரு சம்மதப் படிவம்.

இப்போது கோடு வளைந்திருந்தது.

பெரிய வளைவு இல்லை. ஒரு நகத்தளவு. படத்தில் வீட்டு எண்கள் கிடையாது. மற்றவர்கள் பார்த்தால் கரை அப்படித்தான் போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தபால்காரிக்கு எண் எதற்கு? காலாலேயே மனப்பாடம் செய்த தெரு. குழாயடி, கடிக்கிற நாய் வீடு, முட்டுச்சந்து. முட்டுச்சந்து தாண்டி மூன்றாவது வாசலில் கோடு இறங்கி, அந்த ஒரு வீட்டை மட்டும் சுற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதது போலத் திரும்ப ஏறி நேராகப் போனது.

"அக்கா குடியிருந்த தெருவையே பச்சையாக்கிட்டா பாருங்க. இவ நேர்மையானவதான்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

 என்னை முன்னால் விட்டு இத்தனை பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள் தபால்காரி. நடுவில் இருந்தவர்களின் முழங்காலை இடித்துக்கொண்டே போய் மேடையேறினாள்.

தவளைக்காரியின் பேச்சு பாதியில் நின்றது.

மேசையில் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. கோடு நெடுகத் துளை போட்டு, ஊறிய தண்ணீரோடு எடுத்த மண், ஒவ்வொன்றிலும் இடத்தின் அடையாளம் எழுதிய சீட்டு. முட்டுச்சந்து தாண்டி மூன்றாவது வாசலின் பாட்டிலைத் தபால்காரி தேடி எடுத்தாள். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப்பிடித்துக் குலுக்கினாள். மணலும் தண்ணீரும் கலந்து சாம்பல் நிறக் கூழாயின. பச்சைக்குள் போன பக்கத்து வீட்டின் பாட்டிலைக் குலுக்கினாள். அதுவும் அதே கூழ்.

"அப்புறம் இங்க மட்டும் ஏன் கோடு வளையுது?"

தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எந்தப் பெரிய மனுஷன் வீடு, எவ்வளவு வாங்கினே என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். தபால்காரி தங்கைக்காகப் பரிந்து பேசவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்றே இருந்தாள். படத்தைக் கிழித்து அவள் கையிலேயே திணிக்கலாமா என்றுகூட இருந்தது.

மேடையில் இருந்த புனரமைப்புக் குழுத் தலைவர் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். வீட்டுக்காரர் சம்மதிக்காமல் எந்த வீட்டையும் பச்சைக்குள் இழுக்க முடியாது, அதுதான் விதி என்றார். அந்த வீட்டுப் படிவம் கோப்பில் இல்லை. ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். மொத்தமே நாற்பதுதான்.

தபால்காரி தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். உருவி எடுத்தது யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

தபால்காரி தோள்பையைத் துழாவி, மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி, இரண்டாவது தடவையாகத் தன் பெயரை எழுதினாள்.

"நீ எங்கக்கா போவே?" என்றாள் தங்கை, யாருக்கும் கேட்காத குரலில்.

தபால்காரி காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, சாட்சிக் கையெழுத்துக்கான இடத்தில் விரலை ஊன்றினாள். தங்கை பேனாவை எடுக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.