படுத்ததும் தூங்குபவர்

மூன்றாவது கிளை திறக்கவிருந்த மெத்தைக் கம்பெனிக்கு, படுத்துப் பார்த்துத் தரம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. முந்நூறு விண்ணப்பங்களைச் சலித்த சாப்ட்வேர், ‘படுத்ததும் தூங்குவேன்’ என்று எழுதியிருந்தவரை முதலிடத்தில் வைத்தது.

அவர் மனைவியோடு வந்தார். ஐந்து மெத்தைகளில் படுத்தார். ஐந்திலும் மேகத்தில் மிதப்பவர்போல் தூங்கிப்போனார்.

“எதுல படுத்தாலும் தூங்கிடறாரே,” என்றார் முதலாளியம்மா.

“பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குவாருங்க,” என்றாள் மனைவி பெருமையாக.

“அப்ப எது நல்ல மெத்தைன்னு இவருக்கு எப்படித் தெரியும்? நீங்களும் இப்படித்தான் தூங்குவீங்களா?”

“இவர் விடுற குறட்டைல நான் கண்ணை மூடி இருபது வருஷமாச்சுங்க.” சொல்லிக்கொண்டே கணவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், “இந்த ஓரத்துல ஒரு ஸ்பிரிங் குத்துதே,” என்றாள்.

முதலாளியம்மா வேலை உத்தரவில் இருந்த கணவர் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

“உங்க பேர் சொல்லுங்க,” என்றார், தூங்குகிறவர் விழித்துவிடாதபடி மெதுவாக.