பதினோராம் அத்தியாயம்

அறந்தாங்கிக் கல்யாண மண்டபத்தில் சுகுணாவின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள்.

நாவலின் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டியவள் அவள்தான். எழுதியவள் பிரகதீஸ்வரி. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களை மட்டுமே பார்க்கிற ஒரு சென்னை வக்கீல் நிறுவனத்தில் இருவரும் அடுத்தடுத்த மேஜையில் ஐந்து வருடம் இருந்தவர்கள். நாவலும் அப்படியொரு நிறுவனத்தைப் பற்றியதுதான்.

ஜிகினாத் தாளைக் கிழித்தார்கள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இருவரும் போட்டோவுக்குச் சிரித்தார்கள்.

முன்வரிசையில் சுகுணாவின் அப்பா நாகராசு பலமாகக் கை தட்டினார். கட்டுமாவடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். மடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று.

அதை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டாள் பிரகதீஸ்வரி.

"எனக்குத்தானேப்பா?"

"நெத்திலி ஆத்தா. ஒனக்குன்னு தனியாக் காயப்போட்டது."

அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். லீவுக்கு வந்தால் பாதி நாள் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

நிகழ்ச்சியை நடத்திய எழிலரசன் வாத்தியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வக்கீல மேடையில வச்சிக்கிட்டு நான் நீட்டிப் பேசுனா, கூட்டத்துக்கே வாய்தா வாங்கிருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சுகுணாவும் சிரித்தாள். அவள் வக்கீல் வேலையை விட்டு நான்கு வருடமாகிவிட்டது என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

ஒரு நாள் மதியம், கட்சிக்காரரின் ரகசிய ஒப்பந்தம் ஒன்று அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து எதிர்த்தரப்புக்கு மெயிலில் போயிருந்தது. அனுப்பிய நினைவே அவளுக்கு இல்லை.

"மூணு நாளாத் தூங்கலடி நீ. ஒனக்கே தெரியாம அனுப்பிருப்ப," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பிரகதீஸ்வரி. மன்னிப்புக் கடிதத்தையும் அவளே எழுதிக் கொடுத்தாள். சுகுணா கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு எந்த நிறுவனமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது அறந்தாங்கி கோர்ட்டுக்கு எதிரே அபிடவிட் டைப் அடித்துக் கொடுக்கிறாள்.

ஒப்பந்தத்தை அவளே விலை பேசி விற்றுவிட்டாள் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். "எம் மக கை தவறிருச்சு, அவ்வளவுதான்," என்று நாகராசு படகுத்துறையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

சுகுணாவும் அதை நம்பினாள். தன் கையையே சந்தேகப்பட்டு, ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படித்துப் பார்த்த பிறகுதான் கட்சிக்காரரிடம் கொடுப்பாள்.

இந்த நாவலை டைப் அடித்ததும் அவள்தான். நோட்டு நோட்டாக வந்தது. சினேகிதியிடம் என்ன கூலி என்றுவிட்டாள். இருபத்திரண்டு அத்தியாயங்கள். ஒன்றே ஒன்றைத் தவிர.

"பதினொண்ணுல ஒரே அடித்தல் திருத்தல்டி. அத நானே அடிச்சுக்கிறேன்," என்றிருந்தாள் பிரகதீஸ்வரி.

அதனால், நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் அந்த அத்தியாயத்தைத்தான் பிரித்தாள். ஆசையாகத்தான் பிரித்தாள், பாவம்.

கதையில் மதிய வேளை. தோழி கீழே சாப்பிடப் போயிருக்கிறாள். கதாநாயகி எழுந்துபோய்த் தோழியின் நாற்காலியில் உட்காருகிறாள். ஒப்பந்தத்தை எதிர்த்தரப்புக்கு அனுப்புகிறாள். ஆறு மாதம் கழித்து அவர்களிடமே பெரிய வேலைக்குப் போய்ச் சேருகிறாள்.

சுகுணா மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்.

பிரகதீஸ்வரி வேலை மாறியதும் ஆறாம் மாதம்தான். எங்கே மாறினாள் என்பதும் தெரிந்ததுதான். அன்றைக்கு அதைத் தற்செயல் என்று நினைத்திருந்தாள்.

கதைதானே, என்று இப்போதும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். எழுதுகிறவர்கள் ஒன்றை நாலாக மாற்றிப் போடுவார்கள். என் கஷ்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், ஒருவேளை இப்படி நடந்திருந்தால் என்று யோசித்திருப்பாள். நமக்கு வேண்டியவர்கள் என்றால் யாரும் கேட்காமலே மனசு வக்காலத்து வாங்கிவிடுகிறது.

பக்கத்தைத் திருப்பினாள்.

ஒரு வரியில் விரல் நின்றது. மறுபடி படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். அபிடவிட்டைப் படிப்பதுபோல, மூன்று முறை.

"இதுல வர்றதெல்லாம் முழுக்க முழுக்கக் கற்பனைங்க," என்று மைக்கில் முடித்துக்கொண்டிருந்தாள் பிரகதீஸ்வரி. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது.

அடுத்து சுகுணாவை இரண்டு வார்த்தை பேச அழைத்தார் எழிலரசன்.

எழுந்தவளின் கையைப் பிடித்து அழுத்தினாள் பிரகதீஸ்வரி. நான்கு வருடத்துக்கு முந்தைய அதே பிடி.

"நல்லதா நாலு வார்த்த சொல்லுடி."

சுகுணா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடியே மைக் முன்னால் போய் நின்றாள்.

"இதுல நான் அடிக்காத பக்கம் கொஞ்சம் இருக்குங்க. அதப் படிக்கிறேன்." முன்வரிசையைப் பார்த்தாள். "யப்பா, நீங்க நல்லாக் கேளுங்க."

நாகராசு பொட்டலத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'அவள் மேஜையில் ஒரு படம். படகின்மேல் கை வைத்தபடி நிற்கிற அவள் அப்பா. அவர் சோற்றைச் சாப்பிட்டவள் நான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் என்னால் அனுப்ப முடிந்தது.'"

நல்ல வரி என்று கூட்டத்தில் யாரோ தலையாட்டினார்கள்.

மெயில் போன அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தபோது, படத்தில் நாகராசு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மேஜை துடைக்கிறவர்கள் மாற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்து, சுகுணாதான் அவரைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.