காசு கொடுத்து விதைத்த புல்

“உவனுக்கு மூளை கழண்டுபோச்சு. போன வருசம் ஒரு மூலையில மட்டும். இந்த முறை பாரும், அஞ்சு ஏக்கருக்கும் காசு குடுத்துப் புல்லு விதைச்சிருக்கிறான்!”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று றெமிஜியஸ் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி றோசலின் கடைசிக் கத்தரிக்காய்ப் பெட்டியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பிரதாபனின் நிலம் பச்சைப் பசேலென்று கிடந்தது.

கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே மார்கிறெற் என்ற வெள்ளைக்கார அம்மாவின் காணி அது. அதை இரண்டாகப் பிரித்து இருவரும் குத்தகைக்குச் செய்தார்கள். கத்தரி, பாகல், மிளகாய் எல்லாம் ஸ்காபறோத் தமிழ்க் கடைகளுக்குப் போகும். றெமிஜியஸ் பன்னிரண்டு வருடத்து ஆள். பிரதாபன் வந்து நாலு வருடம்தான். யூடியூப் பார்த்து விவசாயம் செய்கிறவனென்று அவனுக்கு ‘யூடியூப் கமக்காரன்’ எனப் பட்டம் சூட்டியதோடு, அவனுடன் கதைப்பதையும் றெமிஜியஸ் நிறுத்திவிட்டார்.

“உது றைகிறாஸ் எண்ட புல்லாம்,” என்றாள் றோசலின். “பனி உருகேக்க மண் அள்ளுப்படாமல் வேர் பிடிச்சு வச்சிருக்குமாம். அறுத்து ஆட்டுப் பண்ணைக்கும் குடுக்கிறானாம்.”

“நாங்கள் இடுப்பொடியப் புல்லுப் புடுங்கிறம். உவர் விதைக்கிறார். விசரன்!”

“எங்கட கத்தரி ரெண்டு வருசமாப் பூவோட வாடுதப்பா. மண்ணில சத்தில்லை.”

அது அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய நிலம் சவரம் செய்த முகம்போல் துப்புரவாக இருந்தது. ஒன்றும் விளைவதில்லை என்பதுதான் ஒரே குறை. வேறு நிலம் கிடைக்காவிட்டால் வரும் வருடம் தோட்டத்தை மூடிவிட்டு, ஏதாவது பக்டரியில் பெட்டி அடுக்கப் போகவேண்டியதுதான்.

அவர் பார்வை வேலியைத் தாண்டியது. போனை எடுத்து நாலு படம் பிடித்தார்.

அன்று பின்னேரமே மார்கிறெற்றின் கதவைத் தட்டினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முக்கால்வாசியைப் பிரதாபனைத் திட்டவே செலவழித்தார். அவன் சோம்பேறி, உங்கள் காணியைப் புல்லுக்காடாக்கிவிட்டான், ஆட்டுக்காரனிடம் களவாகக் காசு வாங்குகிறான், அந்த நிலத்தையும் என்னிடமே தாருங்கள்.

மார்கிறெற் படங்களைப் பார்த்தார். அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி. ஞாயிற்றுக்கிழமை முதல் அது உங்களுடையது,” என்றார்.

காரியம் இத்தனை லேசில் முடியும் என்று றெமிஜியஸ் கனவிலும் நினைக்கவில்லை. வழியெல்லாம் விசிலடித்தார்.

“சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. பாவமப்பா,” என்றாள் றோசலின்.

“பாவ புண்ணியம் பாத்தா கமம் செய்யேலாது,” என்றார், கோயிலில் முதல் வரிசை வாங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த மனிதர்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, காணி வாசலில் பிரதாபன் தனியாக நின்றான். சண்டைக்குத்தான் நிற்கிறான் என்று நினைத்த றெமிஜியஸ், வான் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினார்.

“இஞ்ச பார் தம்பி, தொழில் எண்டா உப்பிடித்தான். மனசில வச்சிருக்காத.”

“என்னத்தை அண்ணை? இந்தாங்கோ, பம்ப் அறைப் பூட்டின்ர திறப்பு. மனுசிக்கு வின்ஸரில வேலை கிடைச்சிட்டுது. நாளைக்கு வெளிக்கிடுறம். எனக்குப் பிறகு றெமிஜியஸ் அண்ணைக்குத்தான் குடுக்கோணும் எண்டு ஆவணியிலயே மார்கிறெற் அம்மாட்டச் சொல்லிப்போட்டன்.”

றெமிஜியஸ் திறப்பை வாங்கி மடியில் வைத்தார்.

“உங்கட கத்தரி வாடினதை நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். அதுதான் போக முன்னம் முழுக்கப் புல்லு விதைச்சு விட்டனான். மே மாதம் கதிர் வர முன்னம் உழுது மண்ணுக்குள்ள தாட்டுப்போடுங்கோ, அப்பிடியே பசளையாகும். பிறகு கத்தரி எப்பிடி வருதெண்டு பாருங்கோ. ஆட்டுக்காரன் காசு தாறன் எண்டவன். வேண்டாம், எருவாத் தா எண்டன். உங்களுக்குத்தான், பின்னால குவிச்சுக் கிடக்குது.”

றோசலின் கணவனைப் பார்த்தாள். அவர் ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்து... நீங்கள் அம்மாட்டப் போய் என்னைப் பற்றிக் கதைச்சதும் தெரியும் அண்ணை.”

ஒக்டோபர்க் குளிர் உள்ளே வருகிறது என்பதுபோல், றெமிஜியஸ் கண்ணாடியை ஏற்றப் பட்டனைத் தேடினார். பிரதாபன் குனிந்து, பாதி திறந்த கண்ணாடிக்குள்ளால் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அவ்வளவும் நல்லதாத்தான் சொன்னீங்கள் எண்டு அம்மா சொன்னவ. பெரிய தாங்ஸ் அண்ணை.”