அரிசிக்குள் சாவி

சபாபதியின் மூளை ஸ்கேன் படத்தில் டாக்டர் வட்டமிட்டுக் காட்டிய இடம் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. இப்போதைக்குச் சாதாரண மறதிதான், ஆனால் சில வருஷங்களில் முற்றிவிடும் என்றார். அன்றிலிருந்து வேதவல்லி, புருஷன் எங்காவது வழிதவறிப் போய்விடுவாரென்று கிரில் கதவை உள்ளே பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். சபாபதி கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்க்கப் பழகினார்.

இன்று மகன் வந்து வெளியே நிற்கிறான். சாவியைக் காணோம்.

"எங்கப்பா வச்சீங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"உங்கம்மாதான் அரிசி அளக்கறப்ப டப்பாவுல போட்டா. நான் பாத்தேன்."

வேதவல்லி அரிசிக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது.

கதவு திறந்ததும் மகன் தணிந்த குரலில் சொன்னான். "வச்சவருக்குத்தானே இடம் தெரியும். திட்டாதம்மா, அவரு வேணும்னு செய்யல."

"நான் எதுக்குடா சாவியக் கொண்டுபோய் அரிசியில போடப்போறேன்" என்றாள் அவள்.

சபாபதி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை.

கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சமையற்கட்டுக்குப் போனாள். அடுப்பில் மூன்று பேருக்குமான சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஆழாக்கை எடுத்து மறுபடி அரிசி அளக்க ஆரம்பித்தாள்.

"தம்பி, அம்மாவுக்கும் ஒரு ஸ்கேன்..."

மகன் குழந்தையைத் தட்டுவதுபோல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"சரிப்பா, சரி."